மீன் வரிசையில் உன் ஸ்டூல்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நீ பதறிப்போவாய். போனில் சொன்னால் நீ ஒரு "ஐயோ" போடுவாய், நான் உடனே பேச்சை மாற்றிவிடுவேன். என் லட்சணம் உனக்குத் தெரியாதா? நீ இருக்கும் ஊருக்கு ஒரு நர்ஸம்மா திங்கட்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டுச் செய்தி முதலில். சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது. உன் மகளுக்குப் போன மாதம் வாங்கின ஷூ இந்த மாதம் கடிக்கிறது. கால் மட்டும் தனியாக வளர்கிறது போலிருக்கிறது. கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருக்கிறாள். முதலாவது வந்தவள் பார்த்து எழுதினாள் என்று சாதிக்கிறாள். அத்தானுக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நான்கு தையல். மீன் துடுப்பு கிழித்துவிட்டது என்று உன்னிடம் சொல்லியிருப்பார். துடுப்பு இல்லை அக்கா, கத்தி. அதற்குத்தான் வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை நீ ட்யூட்டி முடிந்து லாக்கரைத் திறந்தபோது அத்தான் போனிலிருந்து பதினோரு மிஸ்டு கால் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பையில் போன் தானாக அழுந்திவிட்டது என்று அவர் சொன்னதும் நீ சிரித்தாய். ஒரு தடவை அழுந்தலாம், பதினோரு தடவையா என்று என்னிடமும் கேட்டாய். நான் ஹிஹி என்று மழுப்பினேன். அவர் பொய் சொன்னது என்னைக் காப்பாற்றுவதற்கும், அங்கே தனியாக இருக்கும் உன்னைக் கலங்கடிக்காமல் இருப்பதற்கும். உனக்குத் தெரியவே வேண்டாம் என்பது அவர் கட்டளை. அதை மீறித்தான் எழுதுகிறேன். அவர்மேல் கோபப்படாதே.

என் வேலை உனக்குத் தெரியும். காலை எட்டரைக்கு மார்க்கெட்டின் பெரிய கேட்டில் மஞ்சள் குடையைத் தூக்கிப் பிடித்து நிற்பேன். பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்கள் சேருவார்கள். காய்கறி வரிசை, மசாலா வரிசை, பழ வரிசை, மீன் வரிசை என்று கூட்டிக்கொண்டு போய், நின்ற இடத்தில் எல்லாம் ஒரு கதை சொல்ல வேண்டும். மார்க்கெட்டில் எனக்குப் பெயரே மஞ்சக்குடைதான். ஆனால் ஒரு விஷயம் உனக்குச் சொன்னதில்லை. நான் சத்தம் போட்டுப் பேசுவது கிடையாது. காலரில் ஒரு சின்ன மைக் குத்தியிருப்பேன், அவர்கள் ஆளுக்கொரு கருவியைக் காதில் மாட்டியிருப்பார்கள். நான் அவர்கள் பாஷையில் முணுமுணுப்பது அவர்களுக்கு மட்டும்தான் கேட்கும். கடைக்காரருக்கு மூன்றடி முன்னால் நின்று அவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அவருக்கு ஒன்றுமே தெரியாது.

மீன் வரிசைக்கு வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடப் பார்ப்பார்கள். தரை ஈரம், ஐஸ் தண்ணீர், செவுள், செதில். ஆரம்பத்தில் அத்தான் கடைமுன் இரண்டு நிமிடம்கூட ஒருவரும் நிற்கமாட்டார்கள். போன வருஷம் ஒரு நாள், ஒரு ஆள் அந்த நீல ஸ்டூலில் உட்காரப் போனார். நீ உட்கார்ந்து பொடி மீனுக்குச் செதில் எடுப்பாயே, அதே ஸ்டூல். அத்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து, உட்காரக் கூடாது என்று கையைக் காட்டித் தடுத்தார். மூன்று வருஷமாக அதில் ஒருவரையும் அவர் உட்காரவிட்டதில்லை. தினமும் கடை கழுவும்போது அதையும் கழுவி, அதே இடத்தில் போடுகிறார். அந்த ஆள் என்னிடம் யாருடையது என்று கேட்டார்.

என் அக்காவுடையது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் அவள் எங்கே என்று கேட்பார்கள். வெளிநாட்டில் முதியோர் இல்லத்தில் வேலை என்று சொன்னால், புருஷனையும் குழந்தையையும் விட்டுவிட்டு ஏன் போனாள் என்பார்கள். அதற்கு என்ன பதில்? அந்த வேலை எனக்காக ஏற்பாடு செய்தது. பெட்டி கட்டி, எல்லோரிடமும் விடைபெற்று, கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டவன் நான். வயிறு நன்றாகத்தான் இருந்தது அக்கா. பயம். உனக்கும் அது தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்காமல், ஆறு மாதம் பயிற்சிக்குப் போய், என் இடத்தில் நீ போனாய்.

அதனால், இவர் மனைவி இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். செத்துப்போனவர்களை ஏன் போனாய் என்று யாரும் கேட்பதில்லை.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல! மூக்கைப் பொத்தின கையெல்லாம் கீழே இறங்கிவிட்டது. பத்து நிமிடம் நின்றார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரம் எழுதின பாராட்டில் எல்லாம் மீன்காரர்தான். அந்த இடம் பிரமாதம், அதை விட்டுவிடாதே என்று டூர் கம்பெனி ஓனர் என் தோளைத் தட்டினார். நானும் விடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை, பதினான்கு மாதம். கதையும் வளர்ந்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து மீன் வெட்டினீர்கள் என்றேன், ஒரு மழைநாளில் நீ போய்விட்டாய் என்றேன். என் நாக்கு அழுகியிருக்க வேண்டும்.

அத்தானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எப்பேர்ப்பட்டவன் என்று உனக்குப் புரியும். டூர் நாளில் அவர் துவைத்த ஏப்ரன் கட்டுவார். தலையை நனைத்துச் சீவுவார். அவர்கள் போட்டோ எடுக்கும்போது பெரிய மீனாகப் பார்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அவங்ககிட்ட என்னப் பத்தி என்னதான் தம்பி சொல்ற, இப்படிப் பாசமா பாக்குறாங்களே என்று ஒரு தடவை கேட்டார். உங்க கைவேலையப் பத்தி சொன்னேன் அத்தான் என்றேன். அன்றைக்கு முழுக்க அவருக்கு ஒரே பெருமை.

போன வருஷம் கண்ணைத் துடைத்தாரே, அந்த அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். அவர் இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தார். டூரில் இல்லை, தனியாக. கையில் ஒரு பூங்கொத்து. நம் பாஷையில் ஒரு வாக்கியத்தை யாரிடமோ கேட்டுக் காகிதத்தில் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறார், பாவம். நான் அப்போது மசாலா வரிசையில் இருந்தேன். அவர் பூவை உன் ஸ்டூலில் வைத்துவிட்டு, அத்தானின் கையைப் பிடித்து, உங்கள் மனைவி இறந்ததற்கு மிகவும் வருந்துகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அத்தான் என்ன நினைத்தார் தெரியுமா? உனக்கு அங்கே ஏதோ ஆகிவிட்டது, செய்தி எப்படியோ இங்கே வந்துவிட்டது, தனக்கு மட்டும் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். அந்த வேலைக்கான விண்ணப்பப் பாரங்களை எல்லாம் முதலில் நிரப்பியவன் நான்தானே? உன் கம்பெனியில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர் இன்றைக்கும் என் நம்பர்தான். கையிலிருந்த கத்தி வழுக்கி விரலில் இறங்கிவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட மசாலா வரிசைக்கு ஓடிவந்து என் சட்டையைப் பிடித்தார். அவளுக்கு என்னடா ஆச்சு, உனக்கு யாரு சொன்னா, ஏண்டா என்கிட்ட மறைக்கிற என்று கத்தினார். அன்று பள்ளி விடுமுறை. உன் மகளும் அவர் பின்னாலேயே ஓடிவந்து நின்றாள்.

அக்கா, இந்த இடத்தை எழுதத்தான் மூன்று நாளாகக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறேன். அந்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவருக்குப் பின்னால் அந்த டீச்சர் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார். நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்னைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் காதில் கருவியோடு நின்றார்கள். டீச்சர் அவர்கள் பாஷையிலேயே என்ன ஏது என்று கேட்டால் அவர்களுக்கும் விளங்கிவிடும்; அவர்கள் முன்னால் பொய்யனாக நிற்க எனக்கு மனசு வரவில்லை. எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தான், அக்காவுக்குப் போன் போட்டுப் பாருங்க, இதோ வந்துடறேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பழ வரிசைக்குப் போனேன். தர்பூசணித் துண்டு கொடுத்துச் சாப்பிடச் சொன்னேன். எந்தப் பழத்தைத் தட்டினால் எப்படிச் சத்தம் வரும் என்று தட்டிக் காட்டினேன்.

இரண்டு மணி நேரம். நீ செத்துவிட்டாய் என்று உன் புருஷனும் உன் மகளும் இரண்டு மணி நேரம் நம்பினார்கள். நான் திரும்பி வந்தபோது அத்தான் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். உன் மகள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

அவள் போனை எடுத்ததும், என்னம்மா சாப்ட்ட என்று மூன்று தடவை கேட்டாளே? சாப்பாட்டு ராமி, வேற நெனப்பே கிடையாதா என்று நீ கேலி செய்தாயே? அது ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும்.

நீ போனை வைத்த பிறகுதான் சொன்னேன். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தான் என்னை அடித்திருக்கலாம். பக்கத்துக் கடைக்காரர் அடிக்கத்தான் வந்தார், அத்தான்தான் தடுத்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் போட்டோவுக்குச் சிரிச்சேனே தம்பி, அப்பவும் அதைத்தான் சொல்லிட்டு இருந்தியா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவர் திரும்பிக்கொண்டார். உன் மகள் கணக்கில் கெட்டிக்காரி அல்லவா? வாரத்துக்கு ரெண்டு, பதினாலு மாசம், நூறுக்கு மேல வருது மாமா என்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துக்கொண்டு போய்க் கடைக்கு உள்ளே ஐஸ் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அந்தப் பூவை என்ன செய்தாள் என்று தெரியவில்லை. அந்த டீச்சரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் துப்பில்லை, அதற்குள் அவர் போய்விட்டார்.

அன்றிலிருந்து அத்தான் என்னோடு பேசவில்லை. ஆனால் வழக்கம்போல எனக்கும் சேர்த்து மீன் எடுத்துவைக்கிறார். பொட்டலத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்.

இதுவரை வெள்ளிக்கிழமை எழுதினேன். இன்று சனிக்கிழமை, டூர் நாள்.

மீன் வரிசையை விட்டுவிடலாமா என்று ஓனரிடம் கேட்டேன். அந்தப் பொண்டாட்டி செத்த ஆளப் பாக்கத்தான் பாதிப் பேரு வர்றாங்க, ஒழுங்கா கூட்டிட்டுப் போ என்றார். அவர் வாயால் அதைக் கேட்டபோதுதான், என் வாயிலிருந்து அது எப்படி வந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது. சரி என்று போனேன். அத்தான் இன்று தலை சீவவில்லை. பழைய ஏப்ரன்தான் கட்டியிருந்தார். நான் மைக்கைக் கழற்றிப் பையில் போட்டேன். முதலில் நம் பாஷையில், வரிசை முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன். இவர் எங்க அத்தான், இவர் மனைவி எங்க அக்கா, உயிரோட நல்லா இருக்காங்க, நான் போக வேண்டிய வேலைக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டேன், எனக்குப் பதிலா அவங்க போயிருக்காங்க, இன்னும் நாலு மாசத்துல வர்றாங்க. பிறகு அதையே அவர்கள் பாஷையிலும் சொன்னேன்.

யாரும் அழவில்லை. இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒருவர் பக்கத்தில் கழிவறை எங்கே என்று விசாரித்தார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். திங்கட்கிழமை எனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, தெரியாது. நான் அவர்கள் பின்னால் போகத் திரும்பினேன். அப்போது அத்தான் என்னைப் பார்க்காமலே உள்ளே போய், உன் ஸ்டூலைக் கொண்டுவந்து பழைய இடத்தில் போட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றித் துடைத்தார். அது எனக்காக இல்லை என்று தெரியும். உனக்காக.

அக்கா, மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதை நீயாகச் சொன்னால் உண்டு. இதைப் படித்ததும் போன் செய். வாய்க்கு வந்தபடி திட்டு. நீ வரும்போது மீன் வரிசையில் எல்லோர் முன்னாலும் திட்டு, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனால் வந்துவிடு. என் மூஞ்சியில் விழிக்கப் பிடிக்காமல் லீவைத் தள்ளிப்போட்டுவிடாதே. நீ வரும் நாளில் நான் அந்தப் பக்கமே வரக் கூடாது என்றால் வரமாட்டேன்.

பெரியவளான உனக்குச் சின்னவன் நான் ஆசீர்வாதம் சொல்லும் முறை கிடையாது. சொல்ல எனக்கு யோக்கியதையும் கிடையாது. நூறு தடவைக்கு மேல் அதைச் சொன்ன இதே வாயால் இதையும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நூறு வயசு இரு அக்கா.

இப்படிக்கு,
உன் இடத்தில் இருக்கும் உன் தம்பி