யார் ஓட்டிய விமானம்?

செவ்வாய்க்கிழமை, இரவு.

எந்த ஊருக்கு விமானம் ஓட்டிப் போகிறாள் என்று என் மகள் ஸ்டெல்லா சொல்ல மாட்டாள். விமானப்படையின் கட்டுப்பாடு அது. நானும் கேட்பதில்லை. ஆனால் எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று, அது அனுப்பும் சிக்னலை வைத்துக் கைப்பேசியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்ப்பது கேட்பதாகாது.

இன்று காலை படை விமானம் ஒன்று, ஸ்டெல்லா வேலை பார்க்கும் பெங்களூரிலிருந்து வடக்கே கிளம்பியது. அவள் ஓட்டும் அதே வகை. அவள்தான் என்று முடிவு செய்து, கீழ்வீட்டு நூர்ஜஹானிடம் பெருமையாகக் காட்டினேன்.

"பொண்ணு ஆகாசத்துக்கே போனாலும் விடமாட்டீங்களா ஆண்டி?" என்று சிரித்தாள். அவள் சிரிக்கும்போதே விமானம் திரையிலிருந்து மறைந்தது.

"அவங்களே சிக்னலை ஆஃப் பண்ணிருப்பாங்க. பயப்படாதீங்க."

பயமில்லை என்றேன். மாடிக்கு வந்து ஜெபமாலையை எடுத்தேன். சமைக்கவில்லை.

மாலையில் ஸ்டெல்லாவே அழைத்தாள். "சளிம்மா. டாக்டர் பறக்கக் கூடாதுன்னுட்டார். நாலு நாளா ரூம்லதான் இருக்கேன்."

கஷாயம் குடிக்கச் சொன்னேன்.

அப்படியானால் அதை ஓட்டியது யார்? ஆணா, பெண்ணா? எங்கே இறங்கியிருப்பார்கள்? இப்போதும் பார்த்தேன், திரையில் அது இல்லை. ஜெபமாலையை மறுபடி எடுத்தேன். பெயர் தெரியாததால், காலையில் வடக்கே போன பிள்ளை என்று சொல்லி ஜெபித்தேன்.