மோட்டாரை நீ நிறுத்திய நாள்

இன்று காலை தெளிப்பானைத் திறந்ததும் ஈரமண் வாசம் எழுந்தது. உன் நினைவு வந்துவிட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு, படப்பைக்கு அருகே நாம் இருவரும் ஆசையாகக் குத்தகைக்கு எடுத்த நிலம் இது. முதலில் விதைத்த சிறுகீரை முளைத்த வேகத்திலேயே மஞ்சளாகிக் கருகியது. முன்பு இங்கே மக்காச்சோளம் போட்டவர் அடித்த களைக்கொல்லி மண்ணில் தங்கியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. வயல் நிறையத் தண்ணீர் கட்டினால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று மோட்டாரைப் போட்டேன். நீ ஓடிவந்து நிறுத்தினாய்.

“இன்னாடா பண்றே?”

“மருந்த கழுவி வுட்றேன். வுடு.”

“அது எங்க போவும்? மணல் மண்ணுடா. தண்ணியோட நேரா கீழ எறங்கி நம்ம கெணத்துல கலந்துடும். அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் செல்வி வூட்ல குடிக்கிறாங்க.”

வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டுச் செல்வி இடுப்பில் குழந்தையோடு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். என் கோபம் அடங்கிவிட்டது.

“அப்ப காயப் போட்டுடலாமா?”

“காஞ்சா மருந்து அப்படியே கெடக்கும். மண்ணுல இருக்கிற நுண்ணுயிருங்கதான் அதைச் சிதைக்கணும். அதுங்களுக்கு ஈரம் வேணும். கொஞ்சமா, அடிக்கடி குடுப்போம்.”

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன் நீ, நம்பினேன். மட்கிய எரு கலந்தோம். மேல்மண் நனையும் அளவுக்கே தெளித்தோம். அவ்வப்போது அந்த மண்ணைத் தொட்டியில் அள்ளிக் கீரை விதைத்துப் பார்த்தோம். இரண்டு முறையும் மஞ்சள்தான். நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன். “இன்னும் ஒரு தடவ பாக்கலாம்டா” என்று விதையைத் தூவினாய்.

அது முளைப்பதற்குள் உனக்கு மார்வலி வந்தது. தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய்.

அடக்கம் முடிந்த பிறகு எனக்கு நிலத்துப் பக்கம் போகவே மனம் வரவில்லை. தொட்டிக்குத் தண்ணீர் தெளித்துவந்தவள் செல்வி. ஒருநாள் போன் செய்தாள்.

“சார், வந்து பாருங்க. பச்சையா கீது.”

போய்த் தொட்டியருகே உட்கார்ந்து அழுதேன். ஒரு இலைகூட மஞ்சளாகவில்லை. கிணற்று நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தேன், பயமில்லை என்றார்கள். பிறகுதான் நிலம் முழுவதும் விதைத்தேன். செல்வியும் விளைச்சலில் பங்குக்குச் சேர்ந்துகொண்டாள்.

உன்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்யும் பழக்கம் மட்டும் எனக்குப் போகவில்லை. இன்றும் பாத்தியில் குனிந்து, “போதுமா, இன்னும் கொஞ்சம் வுடட்டுமா?” என்றேன்.

“யாராண்ட சார் பேசிக்கினு கீறீங்க?” என்றாள் செல்வி.

“என் பார்ட்னராண்ட” என்றேன்.