இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

ஆவணி 9, செவ்வாய்.

இன்று தில்லைநகரில் கார் பார்க்கப் போனோம். பக்கவாதம் வந்ததிலிருந்து இவருக்கு இடது கால் இழுக்கிறது. ஒரு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. ஷோரூம் பெண் ஆட்டோமேட்டிக் வண்டியைக் காட்டி, "இதுல கிளட்சே இல்ல சார், இடது காலுக்கு வேலையே கிடையாது" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, இனிமே உங்க கால் எப்படி இருந்தா என்ன!" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்.

இவர் முகம் மாறிவிட்டது. "கியர் வண்டியே போடும்மா. இனிமே இவதான் டிரைவர், நான் பின்னாடி மூட்டை" என்றார். அந்தப் பெண் சிரித்தாள்.

திரும்பும்போது பாலத்தில் ரங்கநாதர் கோயில் ராஜகோபுரம் தெரிந்தது. தனித்தனியாகக் கும்பிட்டுக்கொண்டோம். வீட்டுக்கு வந்ததும் இவர் நேரே போய்ப் படுத்துக்கொண்டார். பேச இந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

இந்த வருஷம் நான் போன டிரைவிங் ஸ்கூலில் எனக்குக் கியர் நன்றாகவே வந்தது. ஆனாலும் காலையில், "எனக்குக் கிளட்ச் வரவே மாட்டேங்குதுங்க, ஆட்டோமேட்டிக்கே எடுத்துடலாம்" என்று சொல்லப்போகிறேன். ரங்கநாதா, இந்த ஒரு பொய்யைப் பொறுத்துக்கொள்.

இவர் இன்னும் தூங்கவில்லை, மூச்சிலேயே தெரிகிறது. நானும் விளக்கை அணைத்துவிட்டு, தூங்குகிறவள் மாதிரி படுக்க வேண்டியதுதான்.