முதுகில் ஏழு அம்பு

10-6-91, திங்கள்

விடியற்காலையிலேயே காற்று. கொடியில் போட்ட லுங்கி பக்கத்து வீட்டில். வியாழன் ஷிப்மெண்ட், கம்பெனியில் என் செக்கிங் டேபிளில் இன்னும் மலை போல் பனியன்.

ஜிம்மில் புது ஆள். பழனிச்சாமி, ஓவர்லாக் டெய்லர், வயது நாற்பத்தைந்து இருக்கும். பெரிய தொப்பை. சர்க்கரை வியாதி, டாக்டர் மிரட்டி அனுப்பியிருக்கிறார். தண்டால் போட்டார். வயிறுதான் முதலில் தரைக்குப் போயிற்று. எல்லாரும் சிரித்தார்கள்.

ஆணியில் தொங்கிய என் சட்டைப் பையில் கம்பெனி ஸ்டிக்கர் தாள். பனியனில் ஓட்டை, கறை இருக்கிற இடத்தைக் காட்ட ஒட்டுவோமே, அந்தச் சிவப்பு அம்பு. "சபாஷுங்க, சபாஷுங்க" என்று முதுகில் தட்டிக்கொடுப்பது போல் அவர் பனியனில் ஏழு ஒட்டினேன். அவருக்குத் தெரியவில்லை. அப்படியே கிளம்பிப் போனார். பசங்க புரண்டு புரண்டு சிரித்தார்கள். எனக்கும் பெருமைதான்.

11, செவ்வாய்

ப.சாமி வரவில்லை. உடம்பு வலியாக இருக்கும்.
வாங்க: ரெண்டு பேட்டரி, சீயக்காய், அம்மாவுக்குத் தைலம்.

12, புதன்

இன்றும் இல்லை. ஜிம் நடத்தும் தங்கவேல் திங்கட்கிழமை சேவூர் போயிருந்தார், ஒன்றும் தெரியாது. "ஏனுங்க, அந்த டெய்லரு ஏன் வரலை? ஆராச்சும் ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று கேட்டார். நான் குனிந்து ஷூ கயிறு கட்டினேன். கட்டியிருந்த கயிறுதான்.

நான் சேர்ந்தபோது நாற்பத்தாறு கிலோ. வெறும் கம்பியையே தூக்க முடியாமல் கீழே போட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தங்கவேல் வைத்த வழக்கம்: புது ஆளுக்கு முதல் வாரம் எல்லாரும் சுற்றி நின்று சத்தமாக எண்ணவேண்டும். "இன்னொண்ணு, இன்னொண்ணு." அந்தச் சத்தத்துக்காகத்தான் மறுநாள் போனேன். உடம்பு தேறியது அதனால்தான், முட்டையால் இல்லை. ப.சாமிக்கு நாங்கள் எண்ணவில்லை.

13, வியாழன்

ஷிப்மெண்ட் போய்விட்டது. ஜிம் போகவில்லை.

14, வெள்ளி

சாயங்காலம் விசாரித்து ப.சாமி வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. உக்காருங்க, உக்காருங்க என்று பாய் விரித்தார். அவர் சம்சாரம் டீ போட்டுக்கொண்டே சொன்னது:

"அப்படியே பால் பூத்துல வரிசையில நின்னுருக்காருங்க. வரிசையே சிரிச்சிருக்குது. ஊட்டுக்கு வந்தப்பறம் பொண்ணுதான் ஒவ்வொண்ணா உரிச்சுப் போட்டுச்சு. அன்னைக்குப் பூரா சோறு திங்கலைங்க அது."

ஊரே பனியன் தைக்கிற இந்த ஊரில் அந்த அம்பு எதற்கென்று தெரியாதவர் யார். பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் தெரியாதா.

ப.சாமி சொன்னார்: "பசங்க வேலைங்க, போகட்டும். நீங்க ஒருத்தருதான் முதுகுல தட்டிக்குடுத்தீங்க. இப்பவும் நீங்கதான் வந்து கேக்கறீங்க."

டீயைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். த்தூ.

15, சனி

டேபிளில் கை ஓடவில்லை. ஓட்டை பீஸ் மூன்றை நல்லது என்று தள்ளிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். பதினோரு வருஷமாகக் குற்றம் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அம்மா: "ஏன் கண்ணு, மூஞ்சி இப்படி இருக்குது?" ஒன்றுமில்லை என்றேன்.

டாக்டர் ப.சாமியிடம், சர்க்கரை குறையாவிட்டால் காலில் ஒரு புண் போதும், காலையே எடுக்கவேண்டி வரும் என்றாராம். அவர் ஜிம்முக்கே வராமல் போனால் அது என் தலையில்.

16, ஞாயிறு

போனேன். ப.சாமி வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டேன். "தட்டுனப்பதானுங்க ஒட்டுனேன். பசங்க இல்லை. நாந்தான்."

உள்ளே அந்தப் பெண் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது. சத்தம் நின்றுவிட்டது.

ப.சாமி தரையைப் பார்த்தார். "சரிங்க" என்றார். உக்காருங்க இல்லை. டீ இல்லை.

"எம்மேல கோவத்துல ஒடம்பக் கெடுத்துக்காதீங்க. நாளைக்கு ஜிம்முக்கு வாங்க."

"பாக்கலாமுங்க."

17, திங்கள்

தூறல். காலை ஐந்தரைக்கே போய் எல்லார் முன்னாலும் தங்கவேலிடம் சொன்னேன். ஜிம்மை விட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். "முப்பத்திநாலு வயசாச்சு உனக்கு" என்றார். அதோடு சரி. அறைந்திருக்கலாம்.

ஆறு மணிக்கு ப.சாமி வந்தார். பனியன் இல்லை, கெட்டியாக ஒரு முழுக்கைச் சட்டை. தண்டால் வேண்டாம் என்றுவிட்டார். சுவரோரம் நின்று கம்பி தூக்கினார். பன்னிரண்டு பேரும் சுற்றி நின்று எண்ணினோம். பதினைந்தில் கை நடுங்கியது. "இன்னொண்ணுங்க, இன்னொண்ணுங்க." இருபது முடித்தார். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு.

எனக்குத் தாங்கவில்லை. "சபாஷுங்க" என்று கிட்டே போனேன். கை தானாக மேலே போயிற்று. சட்டென்று திரும்பி முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

"வாயில சொன்னாப் போதுமுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.