ஏன் என்று கேட்டால் அழித்துவிடுகிறாள்

8 செப்டம்பர் 2025, திங்கள்

ரமணியின் ஆய்வு முன்மொழிவு திருத்தப்பட்டு வந்துவிட்டது. திருத்தப்பட்டு என்று அவள் சொல்கிறாள்.

ஷிப்ட் வேலை பார்க்கும் தொழிற்சாலைப் பெண்களின் சோர்வு பற்றிய ஆய்வு. நல்ல தலைப்பு. ஆனால் போன மாதம் தேர்வாளர்கள் உட்கார்ந்த பேனல் முன்னால் திணறித் தோற்றாள். அக்டோபர் பதினாறில் மறுபடி நிற்க வேண்டும். அன்றும் தவறினால் முதுகலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அவளுக்கு வழிகாட்டும் பாவி நான்.

நாற்பத்தொரு குறிப்புகள் எழுதிக் கொடுத்திருந்தேன். அட்டவணை போட்டு, ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்தாய் என்று எதிரே எழுதச் சொன்னேன். எழுதியிருக்கிறாள். நாற்பத்தொரு கட்டத்திலும் ஒரே வரி: 'நன்றி டாக்டர். திருத்திவிட்டேன்.'

என்ன திருத்தினாய், தாயே?

9 செப்டம்பர்

பழைய பிரதியையும் புதியதையும் வரிக்கு வரி ஒப்பிட்டதில் காலைப்பொழுது முழுக்கப் போயிற்று. நான் 'ஏன்?' என்று எழுதிய பதினோரு இடங்களில் ஒன்றிலும் விளக்கம் இல்லை. வாக்கியமே இல்லை. ஏன் என்று கேட்டால் அழித்துவிடுகிறாள்!

பேனலில் டாக்டர் அஸ்ஹர் ஆய்வுக்கு எடுக்கும் ஆட்களைக் குறைக்கச் சொன்னார், இன்னொருவர் கூட்டச் சொன்னார். இவள் இருவரையும் பகைத்துக்கொள்ளவில்லை. நாலாம் பக்கத்தில் அறுபது பேர், ஒன்பதாம் பக்கத்தில் முந்நூறு பேர்.

தலைவலி.

11 செப்டம்பர்

வந்தாள். பாகான் டாலாமிலிருந்து பெரிப் படகு ஏறி, கடல் தாண்டி, மழையில் பாதி நனைந்து. ஒரு மணி நேரம் பேசினேன். இருபத்து மூன்று முறை 'சரி டாக்டர்' சொன்னாள். வேறு வேலை இல்லாமல் எண்ணினேன். கடைசியில், நான் சொன்னதில் எதுவாவது உனக்குச் சரியாகப் படவில்லையா என்று கேட்டேன்.

"எல்லாம் ஓகேலா டாக்டர்."

கத்திவிட்டேன். தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு, அதற்கும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து அறையிலிருந்து அஸ்ஹர் எட்டிப் பார்த்தார். நாற்பத்தொரு குறிப்பா, போலீஸ்காரன் ரோட்டில் அபராதச் சம்மன் கிழிக்கிற மாதிரி கிழித்திருக்கிறீர்களே என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

15 செப்டம்பர்

அறுபதா முந்நூறா என்று அவள் முடிவெடுக்கப் போவதில்லை. நானே எடுத்துவிட்டேன்: முந்நூறு பேர், கேள்வித்தாள். அதற்கு முன் ஒரு பன்னிரண்டு பேரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். 'சரி டாக்டர்.'

26 செப்டம்பர், வெள்ளி

பன்னிரண்டு தாள்களோடு வந்தாள். அவள் அம்மா தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். அதே பஸ்ஸில் கூடவே போய், அந்தப் பெண்களிடமே கொடுத்து வாங்கியிருக்கிறாள்.

பன்னிரண்டு பேரும் எல்லாக் கேள்விக்கும் 'சம்மதம்' என்பதையே வட்டமிட்டிருக்கிறார்கள். 'எனக்குப் போதிய ஓய்வு கிடைக்கிறது' - சம்மதம். 'எனக்கு ஓய்வு போதவில்லை' - அதற்கும் சம்மதம். கேள்வித்தாளை ஒழுங்காக விளக்கவில்லையா என்று எரிந்து விழுந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதானே.

வழக்கம்போல் சரி என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"விளக்கினேன் டாக்டர். அம்மாகிட்டயும் கேட்டேன். மாத்திப் போட்டா யாராச்சும் வந்து ஏன்னு கேப்பாங்க, நமக்கு எதுக்கு வம்புன்னாங்க. தாள வாங்கி பேக்ல வெச்சதும்தான் பேச ஆரம்பிச்சாங்க. எறங்குற வரைக்கும் அதே பேச்சு. காலு வீங்குது, டாய்லெட் போறதுக்கு நேரம் குறிச்சு வெக்கிறாங்கன்னு."

மேசையில் அவளுடைய திருத்த அட்டவணை கிடந்தது. அதைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நானும் அதத்தான் டாக்டர் செஞ்சேன்."

தண்ணீர் குடித்தேன்.

28 செப்டம்பர்

அவளுடைய முதல் பிரதியைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம்: 'இந்தப் பெண்கள் தங்கள் சோர்வைப் பற்றி உண்மையாகப் பேசுவது வேலை முடிந்து திரும்பும் பஸ்ஸில் மட்டுமே.'

ஓரத்தில் சிவப்பில் என் கையெழுத்து: 'ஏன்?' அடுத்த பிரதியில் அந்த வாக்கியம் இல்லை.

அவளிடம் இருந்த ஒரே நல்ல வாக்கியம் அதுதான். நான் கேட்டது நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான். ஆனால் அந்தச் சிவப்பைப் பார்த்தால் யாருக்கு அப்படித் தோன்றும்? வெட்கமாக இருக்கிறது.

7 அக்டோபர்

புதிய பிரதி. அந்த வாக்கியம் திரும்பி வந்திருக்கிறது, கீழே இரண்டு பக்கக் காரணத்தோடு. இருபது பெண்கள், பஸ்ஸிலேயே கூடப் போய்ப் பேசப் போகிறாளாம்.

அட்டவணையின் கடைசிக் கட்டத்தில், முந்நூறு பேருக்குக் கேள்வித்தாள் என்ற என் குறிப்புக்கு எதிரே: 'ஏற்கவில்லை. காரணம் ஆறாம் பக்கம்.' நன்றிகூட இல்லை.

கோபம் வந்தது, மறைப்பானேன். ஆறாம் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். அவள் சொல்வதுதான் சரி.

16 அக்டோபர், வியாழன்

பேனல். எனக்கு வாய் திறக்க அனுமதி இல்லை, ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அஸ்ஹர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஏன் கேள்வித்தாள் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டார். ஏன்!

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. பன்னிரண்டு தாள்களையும் அவர் முன்னால் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

தேறிவிட்டாள். திருத்தவேண்டிய குறிப்புகள், நான் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து, ஒன்பது.

17 அக்டோபர்

காலையிலேயே ரமணியிடமிருந்து வாட்ஸ்அப்: 'டாக்டர், ஒன்பதுல ஆறு சரி. மூணு எனக்கு ஒத்துவரல, பேசணும்.' அந்த மூன்றில் இரண்டு நான் கொடுத்தவை. ஓய்வே கிடையாதா எனக்கு?

தீபாவளி முடிந்து புதன்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னேன்.

பதினொரு மணிக்குத்தான் முடியுமாம்.