மஞ்சள் கண் பென்குயின் வருவதற்கு முன்னால்

இன்று பள்ளிக் கண்காட்சியில் நடந்ததை உள்ளது உள்ளபடி உனக்கு எழுதப் போகிறேன். "நீ எதையும் கூட்டித்தான்டி சொல்லுவ" என்று நீ எத்தனையோ முறை சொன்னதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

என் துப்பட்டா முழுக்கத் தெர்மாகோல் துகள். உதறினால் கையில் ஒட்டுகிறது, கையை உதறினால் முடியில் ஏறுகிறது. பென்குயின் நிற்கும் பனிக்குப் பஞ்சு போதும் என்று நான் அப்போதே சொன்னேன். தெர்மாகோல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நீ. இப்போது பொறுக்கிக்கொண்டிருப்பது நான்.

எல்லாமே அப்படித்தான். அறிவியல் மிஸ் மழைநீர் சேகரிப்பு செய்யச் சொன்னபோது, "வருசா வருசம் தொட்டி கட்டுறோம் மிஸ், மழைதான் வர மாட்டேங்குது" என்று வகுப்பையே சிரிக்க வைத்தாய். பிறகு எழுந்து நின்று, பழைய எலும்புகளில் இருக்கும் மரபணுவை வைத்துப் பென்குயின்களின் கடந்த காலத்தைச் சொல்லப் போகிறோம் என்றாய். "போகிறோம்" என்றால் யார் யார் என்று என்னிடம் கேட்கவே இல்லை. உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற எனக்கு அண்டார்டிகாவில் என்ன வேலை என்று எரிச்சலாக வந்தது. அட்டையில் நான் "பென்குயின்" என்று எழுத, அடுத்த பாதியில் நீ "பெங்குவின்" என்று எழுதி வைத்தாய். திருத்தச் சொன்னால், "பறவைக்கே கவலையில்ல, ஒனக்கென்னடி?"

ஆனால் நூலகத்தில் நீ அந்த நியூசிலாந்துக் கதையைப் படித்துக் காட்டிய அன்று நானே நாற்காலியை உன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். அந்தக் கரையில் மஞ்சள் கண் பென்குயின்கள் இருக்கின்றன. காலம் காலமாக அவைதான் அங்கே வாழ்கின்றன என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பழைய எலும்புகளின் மரபணுவைப் பார்த்தபோதுதான், முன்பு அங்கே இருந்தது வேறொரு இனம் என்று தெரிந்தது. மனிதர்கள் வந்த பிறகு அது அழிந்துபோக, காலியான இடத்துக்குத் தெற்கிலிருந்து இவை வந்து சேர்ந்திருக்கின்றன.

"பாவம்டி" என்றாய். "ஒரு கூட்டமே இல்லாமப் போயிருக்கு, ஒருத்தருக்கும் தெரியல பாரு."

அரையாண்டு விடுமுறைக்குக் கிளம்பும்போது, "வாரேன், அதுவரைக்கும் அட்டையத் தொடாத" என்று மிரட்டிவிட்டுப் போனாய். காய்ச்சல் என்றார்கள். பள்ளி திறந்தபோது நீ இல்லை. உன்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. பாதி அட்டையைப் போட்டுவிட்டு யாராவது போவார்களா?

கொஞ்ச நாளில் சோழவந்தானிலிருந்து ரோஸ்லின் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். காலியாக இருக்கிறதே என்று உன் இடத்தில் உட்கார வைத்தார்கள். உன் திட்டத்திலும் சேர்த்தார்கள்.

"ஒரு குழுவுக்கு ரெண்டு பேர்தான்மா. இருக்கிற பிள்ளைங்க பேரைத்தான் போட முடியும்" என்றார் மிஸ்.

"மிஸ், அந்த நியூசிலாந்துக் கரையில நடந்ததும் இதுதான் மிஸ்."

"பேச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. பேர மாத்து."

மாற்றினேன். உன் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டி, அதன்மேல் அவள் பெயரை எழுதினேன். நாளைக்கு யார் பார்த்தாலும் இது எப்போதும் ரோஸ்லின் செய்த அட்டை என்றுதானே நினைப்பார்கள்? ஒத்திகையில் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எது நீ சொன்னது, எது நான் சொன்னது என்று பிரித்துத்தான் சொன்னேன்.

இன்று வந்தவர்களைப் பற்றி எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும், எனக்குத் தலைவலிதான் வந்தது. "பாப்பா, இது மீனா, பறவையா?" "ஏசி ரூம்ல வச்சா நம்ம ஊர்ல பொழைக்குமா?" "எலும்புலருந்து திரும்பப் பென்குயின் செஞ்சிருவாங்களா?" நம் வகுப்புப் பிள்ளைகள் வேறு, "முட்டை ரோஸ்ட் உண்டா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள்.

கடைசியாக நடுவர் வந்தார். அட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆயிரக்கணக்கான வருஷமா எலும்புக்குள்ள மரபணு கெடாம எப்படிம்மா இருக்கும்?"

பதில் எனக்குத் தெரியும். ஆனால் அது உன் பதில். ரோஸ்லின்தான் பேசினாள்.

"மீன் கடையில ஐஸ் பெட்டிக்குள்ள கெடக்குற மீனும், வெளிய பலகையில கெடக்குற மீனும் ஒண்ணா சார்? நம்ம ஊர் வெயில்ல எலும்புக்கே ஞாபக மறதி வந்துரும். அங்க குளிர்ல ரொம்பக் காலம் ஞாபகம் வச்சிருக்கும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பிரமாதம்மா. நீயே யோசிச்சியா?"

நான் வெள்ளைத்தாளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல சார், எனக்கு முன்னாடி இந்த இடத்துல இருந்த பொண்ணு சொன்னது" என்றாள் ரோஸ்லின். உன் பெயரை இனிஷியலோடு சொன்னாள். "அவ இப்ப இல்ல சார். இந்த அட்டையில பாதி அவ எழுதினது."

நடுவர் அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். பரிசு மழைநீர்த் தொட்டிக்குத்தான் போனது, வேறு எதற்குப் போகும்! இவ்வளவு நாள் உனக்காகச் சண்டை போட்டவள் நான். உன் பெயரைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னவள் அவள். இனி அவளை வெறுக்கவும் வழியில்லை. இதைவிட எரிச்சலான விஷயம் இருக்கிறதா, நீயே சொல்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் இருவரும் தரையில் உட்கார்ந்து பனியை அள்ளிக்கொண்டிருந்தோம்.

"அவ எப்படி இருப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவளுக்கு உன் முகம்கூடத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னால்தான் தெரியும். பெரிய மேதை, தங்கமான பிள்ளை என்று உன் அஞ்சலிக் கூட்டத்தில் மற்றவர்கள் சொன்னதையெல்லாம் நான் சொல்லவில்லை.

"உசுர வாங்கிருவா. எதுக்கெடுத்தாலும் சண்டை. என் டிபன் பாக்ஸத் தொறந்து மொதல் வாய் அவதான் தின்பா" என்று ஆரம்பித்தேன். ரோஸ்லின் தெர்மாகோலைக் கீழே வைத்துவிட்டு, காலை மடக்கி வசதியாக உட்கார்ந்து கொண்டாள். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். பாதிகூட முடியவில்லை, அதற்குள் ஹாலில் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.