கோட்டையின் பின்சுவர்

தெல்லிப்பழை,
மார்கழி, திங்கட்கிழமை.

அன்பு மகன் றூபனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உடம்பளவில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, நீயும் அந்தக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் எழும்பியவுடன் முதல் வேலையாகக் கர்த்தரிடம் கேட்கிறேன். தம்பி பிறேமின் ஆண்டு நினைவு ஆராதனை அன்று நீ போனை வைத்த பிறகு எங்கள் அழைப்பு ஒன்றையும் நீ எடுக்கவில்லை. செய்தி போட்டால் நீலக் கோடு விழுகிறது, பதில் வரவில்லை. வாசிக்கிறான், ஆகவே சுகமாக இருக்கிறான் என்று நானும் அப்பாவும் ஆளுக்காள் சொல்லிக்கொள்கிறோம். என்னோடு படித்த நிரோஜாவின் மகள் ஷெரோன் லீவில் வந்து நிற்கிறாள், இந்த வெள்ளிக்கிழமை ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள், இதை அவளிடம் கொடுத்துவிடுகிறேன். போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய். கடிதத்தைக் கோபத்தில் மூலையில் எறிந்தாலும் பிறகு எடுத்து வாசிக்கலாம்.

அன்றைக்கு நீ சொன்னது என் காதை விட்டுப் போகவில்லை. போனுக்குள்ளால் தம்பியின் கட்டைக் கோட்டையைக் காட்டச் சொன்னாய், காட்டினேன், பார்த்துவிட்டு, அப்ப நான் அனுப்பின கட்டையிலை ஒண்டுகூட வைக்கேல்லையோ அம்மா, செத்த வீட்டுக்கும் நான் இல்லை, அவன்ரை கோட்டையிலையும் நான் இல்லை, சரி விடுங்கோ என்றாய். அதற்குள் வீடு முழுக்கச் சனம், கீர்த்தனை பாடத் தொடங்கிவிட்டார்கள், எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. அந்த மறுமொழியைத்தான் இப்போது எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

லண்டன் மாமா தன் பிள்ளைகள் வளர்ந்த பிறகு கப்பலில் அனுப்பிய அந்தப் பிளாஸ்ரிக் கட்டைப் பெட்டியை நீயும் அவனும் எத்தனை வருசம் தரையில் கொட்டிவைத்து என் காலைக் குத்தவைத்தீர்கள். நீ வெளிக்கிட்டுப் போன பிறகு அது அலுமாரிக்கு மேலே கிடந்தது. ஏ.எல். சோதனை முடிந்ததும் அவன்தான் இறக்கி, உன் மேசையில் முன்பு இருந்ததை விடப் பெரிதாகக் கோட்டையைத் தொடங்கினான். யூனிவெசிற்றிக்குப் போகப்போற துரை கோட்டை கட்டுறார் என்று அப்பா பகிடி பண்ணினார். நீங்கள் போடுற றோட்டு ஒரு மழைக்குக் கழுவிக்கொண்டு போகுது அப்பா, இது நிக்கும் என்று அவன் சொன்னான். றோட்டுப் போடுவிக்கிற உத்தியோகத்தில் இருக்கிற மனுசனுக்கு அதைவிட என்ன வேண்டும், விழுந்து விழுந்து சிரித்தார். வாசல் கோபுரத்துக்கு மேலே சாம்பல் நிறக் கட்டை போதாமல் போனது. அண்ணை அனுப்புறன் எண்டவர், வந்தோடனை முடிப்பன் என்று விட்டுவைத்தான். பிறகு அந்த வெள்ளம், வயலுக்குள் நின்ற தேவராசா அண்ணையின் ஆடுகள், அவர் கூப்பிட்ட குரலுக்கு இடுப்புத் தண்ணீரில் இறங்கி இவன் அவற்றை இழுத்துக்கொண்டு வந்தது, காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது. எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போக எனக்கு இன்னும் பழகவில்லை.

உன் பார்சல் இந்த ஐப்பசியில்தான் வந்தது. அப்பா மேசையில் கொட்டினார், இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பழைய கட்டை அடுப்புச் சாம்பல் மாதிரி, கொஞ்சம் மஞ்சள் கலந்த சாம்பல். நீ அனுப்பியதில் நீலம் ஓடியிருந்தது, மழை இருட்டின நேரத்துக் கடல் மாதிரி. ஒன்றை எடுத்துக் கோபுரத்தில் வைத்துப் பார்த்தோம், ஒட்டுப்போட்ட சட்டைபோல் நின்றது. பழைய நிறத்தைக் கொம்பனி கைவிட்டுக் கனகாலம், இப்ப செய்யிறேல்லை என்று நீயும் போனில் சொன்னாய். அப்பா விடுகிற ஆளா. தேத்தண்ணியில் ஊறப்போட்டால் நிறம் மாறும் என்று ஒரு சட்டி நிறையத் தேயிலைச் சாயம் வைத்தார். அதுவும் காலையில் மிஞ்சிய சீனி போட்ட தேத்தண்ணியையும் சேர்த்து ஊற்றியிருக்கிறார். மறுநாள் பார்த்தால் நிறம் ஒரு துளியும் மாறவில்லை, குசினி முழுக்க எறும்பு. நிறம் வராட்டிலும் எறும்பாவது வந்துதே எண்டு சந்தோசப்படும் நீர் என்றார் என்னிடம். தம்பி போன பிறகு நான் சிரித்தது அன்றுதான் முதல் தடவை, சிரித்ததற்காக அன்று முழுக்க அவனுடைய படத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கிழமை தேவகுமாரி மாமி வந்தா. அப்பாவின் அக்கா எப்படிக் கதைப்பா என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவைப் பார்த்து, றிச்சர்ட், பிள்ளையைப் பறிகுடுத்த வீட்டிலை உந்த விளையாட்டுச் சாமானை என்னத்துக்குப் பார்த்துக்கொண்டு இருக்கிறியள், ஞாயிறு பள்ளிப் பிள்ளையளுக்குக் குடுங்கோவன், ஜெயந்தினி உதைப் பார்த்துப் பார்த்துத்தான் காஞ்சு போறா என்றா.  அதற்குப் பிறகுதான் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் வந்தது, ஆராதனைக்கு முன் கோட்டையை முடித்து, படத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிய வைக்க வேண்டும் என்று. அப்போதுதான் நீயும் வழி சொன்னாய். புதுசை ஒரு இடத்திலை வைக்காதேங்கோ, ஒட்டுப் போட்டமாதிரித் தெரியும், சுவரை அடிமட்டும் பிரிச்சு ரெண்டையும் கலந்து கட்டுங்கோ, அப்பதான் மெய்யான பழங்கோட்டையின்ரை கல்லுமாதிரி இருக்கும் என்றாய். நீ சொன்னது சரிதான் ராசா, வேலையாகப் பார்த்தால் அதுதான் சரி. ஆனால் பிரிப்பது என்றதும் நான் போய்க் கோட்டைக்கு முன்னால் நின்றுகொண்டேன். ஒவ்வொரு கட்டையும் அவன் விரல் அமத்தி வைத்தது. அவன் கை பட்டு, பட்டபடியே நிற்கிற வேறென்ன இருக்கிறது இந்த வீட்டில்? சட்டைகளைத் தோய்த்துவிட்டேன், கட்டிலை அப்பா கழற்றிவிட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் படிப்பிக்கிற பாடசாலையில் தவணைச் சோதனை என்று சொல்லி நாட்களைக் கடத்தினேன்.

ஒருநாள் பாடசாலை விட்டு வந்து பார்த்தால் பின்சுவர் இல்லை. அடியில் இருக்கும் பச்சைத் தட்டு தெரிய அப்பா பிரித்துவிட்டார். ஒரு பிளாஸ்ரிக் பேசினில் பழசு, இன்னொன்றில் புதுசு, நடுவில் கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு அவர். மூலைக் கோபுரம் மட்டும் இறுகிப்போய் ஒரு துண்டாகக் கழன்று வந்திருந்தது, அதைப் பிரிக்க மேசைக்கத்தியை எடுத்துவைத்திருந்தார். எதை அவன் எங்கே வைத்தவன் என்று இனி ஆருக்குத் தெரியும் என்று கேட்டேன். எல்லாம் அவன்ரை கட்டைதானே ஜெயந்தி என்றார். அந்தச் சொல்லுக்கு நான் கத்தின கத்தல் றோட்டுக்குக் கேட்டிருக்கும். இன்னொருக்கா அவனைக் குழியிலை தாட்டுப்போட்டியள் என்று சொன்னேன், சொல்லக்கூடாத சொல், வாயிலிருந்து போய்விட்டது. அவர் கத்தியை வைத்துவிட்டு எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார். நான் அந்தத் துண்டை எடுத்து என் சீலைகளுக்கு நடுவே அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பிறகு இந்த வீட்டில் இரண்டு பேரும் சாப்பிட்டோம், உடுப்புத் தோய்த்தோம், கோயிலுக்குப் போய் ஒரே வாங்கில் இருந்தோம், கதைக்கவில்லை. நீ அப்போதெல்லாம் போன் எடுத்து, ஏன் இரண்டு பேரும் தனித்தனியாகக் கதைக்கிறியள் என்று கேட்டாய், நினைவிருக்கும். சிக்னல் இல்லை என்று பொய் சொன்னோம்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நல்ல மழை. அப்பா படுத்திருந்தார். அவன் உனக்கு அனுப்பிய படங்களை என் போனில் வைத்துக்கொண்டு பின்சுவரை அவன் வைத்தமாதிரியே திருப்பி வைக்கலாம் என்று இருந்தேன். ஒரு படத்தில்கூடப் பின்பக்கம் இல்லை. பின்பக்கத்தை ஆர்தான் படம் எடுப்பார்கள்? ஒவ்வொரு கட்டையாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பல் அடையாளங்களைக் கண்டேன். இறுகினதை நகத்தால் கழற்ற முடியாமல் பல்லால் கடித்து இழுப்பீர்களே, நாய்க்குட்டியள் மாதிரிக் கடியாதேங்கோ, பல்லு விழப்போகுது என்று நான் ஏசாத நாள் இல்லையே. அந்தக் கடி எல்லாம் அப்படியே இருக்கிறது மகன். விளிம்பில் சின்னச் சின்னப் பள்ளமாக. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எது உன் பல், எது அவன் பல் என்று பெற்ற எனக்கே பிடிபடவில்லை. அவன் மட்டும் தொட்ட சுவர் என்று நான் காவல் காத்த சுவரில் பாதி உன் கடி.  பிறகு போய் அப்பாவை எழுப்பினேன். எழும்புங்கோ, சுவரைக் கட்டுவம் என்றேன். அவர் கண்ணாடியைத் தேடினார்.

மூன்று பழசுக்கு ஒரு புதுசு என்று அப்பா கணக்காக அடுக்கினார், அது அவர் உடுக்கிற கோடு போட்ட சாறம் மாதிரி வந்தது. கழற்றினோம். பிறகு இரண்டையும் சுளகில் கொட்டிப் புடைத்துவிட்டு, பார்க்காமல் கை விட்டு, வந்ததை வைத்தோம். அதுதான் சரிவந்தது. ஒரு இடத்தில் மட்டும் உன் நீலச் சாம்பல் நாலைந்து ஒன்றாக விழுந்துவிட்டது, அப்பா மாற்றப் பார்த்தார், நான்தான் விடச்சொன்னேன். மற்ற மூன்று சுவரிலும் வாசல் கோபுரத்திலும் நாங்கள் கைவைக்கவில்லை. அவன் விட்ட இடத்திலேயே நிற்கிறது, மேலே மொட்டையாக. அதை முடிக்க என்னால் முடியாது றூபன், இந்த ஒன்றுக்கு என்னைக் கேட்காதே. ஆராதனை அன்று மேசையைச் சுவரோடு ஒட்டிப் போட்டபடியால் பின்பக்கம் ஆருக்கும் தெரியவில்லை, போனுக்குள்ளும் தெரியவில்லை. நீ கண்டது அவன் கட்டிய பக்கம் மட்டும். நீ இருக்கிற பக்கம் பின்னாலே இருக்கிறது. அப்பா உடனே படம் எடுத்து உனக்கு அனுப்ப நின்றார், நான்தான் மறித்தேன், சுவர் விழுந்த கதையைக் கேளாமல் சுவரை மட்டும் பார்ப்பது சரியில்லை என்று. கடிதம் உன் கைக்கு வந்ததும் படம் வரும்.

ஆராதனைக்குச் சனம் நிறைய வந்தது. போதகர் சுருக்கமாக ஜெபித்தார், மத்தியானச் சாப்பாடும் குறையில்லாமல் நடந்தது. தேவகுமாரி மாமி கோட்டையைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றா, போகும்போது அதன் தூசியைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனா. தேவராசா அண்ணை உள்ளே வரவில்லை, படலையடியிலேயே நின்றார். ஆடு முழுக்க வித்துப்போட்டாராம். சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தங்கச்சி, நான் அண்டைக்குக் குரல் குடுத்திருக்கக்கூடாது என்றார். அப்படி இல்லை அண்ணை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தட்டை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். கிறிஸ்தவப் பெண் என்று கோயிலில் முன்வாங்கில் இருக்கிறேன், அந்த ஒரு சொல் எனக்கு இன்னும் வரவில்லை. வரும் என்றும் தெரியவில்லை.

உன் அகதி வழக்குக்குத் திகதி வந்தால் உடனே அறிவி. அது முடியாமல் நீ வெளிக்கிட முடியாது என்று எங்களுக்கு விளங்கும், வரவில்லையே என்று இந்த வீட்டில் ஒருவரும் உன்னைக் குறை சொன்னதில்லை, நீயாகச் சொல்லிக்கொள்வதையும் நிறுத்து. கட்டையைப் பிந்தி அனுப்பினேன் என்று நீ மனதுக்குள் வைத்து அரைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். முந்தி வந்திருந்தால் கோபுரம் முடிந்திருக்கும், அவ்வளவுதான், வெள்ளம் வந்தேதான் இருக்கும். இரண்டு வேலைக்கும் போய்விட்டு வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே. மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் ஷெரோனிடம் இருக்கிறது. அறையில் தனிய இருந்து போனைப் பார்த்துக்கொண்டிராமல் ஞாயிறுகளிலாவது நாலு பேரோடு இரு.

மிளகாய்த்தூள் பைக்குக் கீழே பழைய துவாயில் சுற்றி ஒரு சாமான் வைத்திருக்கிறேன். அதுதான் அந்த மூலைக் கோபுரத் துண்டு, என் உள்ளங்கை அளவு இருக்கும். அப்பாவின் கத்தி படாதது, அவன் அமத்தியபடியே இருக்கிறது. ஷெரோனிடம் கையில் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன், எயாப்போட்டில் கேட்டால் விளையாட்டுச் சாமான் என்று சொல்லச் சொன்னேன். நீ அதைப் பிரிக்காதே. அங்கே கிடைக்கிற உன் சாம்பல் கட்டைகளால் அதைச் சுற்றிக் கட்டு, என்ன கட்டுகிறாய் என்பது உன் விருப்பம், எனக்கு ஒரு படம் அனுப்பு, பின்பக்கத்தையும் எடு.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், அப்பாவின் ஆசீர்வாதமும் என் முத்தங்களும் உனக்கு. இன்று இரவு இல்லாவிட்டாலும் கடிதம் வாசித்த அன்றைக்காவது அப்பாவின் போனை எடு, அவர் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுக்கிறார். துவாயை அவிழ்க்கும்போது மெல்ல அவிழ். வழியில் அடிபட்டு அந்தத் துண்டு கழன்று கட்டை கட்டையாக வந்திருந்தால், அதை எனக்குச் சொல்லாதே.

உன் அம்மா,
ஜெயந்தினி.